வண்டியை நிறுத்தப் போனவர்

தேகு நகரத்தின் தோங்சோங்னோ கடைத்தெருவில், படிக்கட்டில் யாராவது ஒருவர் இன்னொருவருக்காகக் காத்திருந்தால்தான் கடைகளின் கதவுகள் திறக்கும். காத்திருப்பவர் எழுந்து போய்விட்டால் இருநூற்று நாற்பது கடைகளின் கண்ணாடிக் கதவுகளும் இருந்த நிலையில் நின்றுவிடும். உள்ளே இருப்பவர்கள் உள்ளே, வெளியே இருப்பவர்கள் வெளியே.

தெருவின் பெயருக்குக் கிழக்கு மதில் சாலை என்று அர்த்தம். மதிலை இடித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, பெயர் மட்டும் நிற்கிறது. படிக்கட்டும் அந்த ரகம்தான். ஒருகாலத்தில் அதற்குப் பின்னால் எட்டு மாடியில் ஒரு பெரிய அங்காடி இருந்தது. இடிக்க வந்தவர்களின் ஒப்பந்தத்தில் படிக்கட்டு சேரவில்லை, அதனால் ஒன்பது படிகளையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஏறிப் போனால் ஒன்பதாவது படிக்கு அப்பால் ஒன்றும் கிடையாது, திரும்பி இறங்க வேண்டியதுதான். ஊரில் யார் யாரைச் சந்திப்பதானாலும் "படிக்கட்டுல மூணு மணிக்கு" என்பார்கள். அப்படி இருபது முப்பது பேர் எந்நேரமும் கையைப் பிசைந்துகொண்டு நின்றதால் கதவுகளைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை.

செல்போன் வந்துதான் காரியத்தைக் கெடுத்தது. "கிளம்பிட்டேன்", "ரெண்டே நிமிஷம்" என்று செய்தி அனுப்பி அனுப்பி, இரண்டு பேரும் ஒரே நொடியில் வந்துசேரப் பழகிவிட்டார்கள். காத்திருக்க ஆளில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பதினேழு நிமிஷம் தெரு முழுக்கக் கதவுகள் நின்றுபோயின. அன்றைக்கே வியாபாரிகள் சங்கம் கூடி, காத்திருப்பதற்கென்று நிரந்தரமாக ஓர் ஆளைப் போடுவதென்று முடிவு செய்தது.

ஆள் கிடைப்பது லேசாக இல்லை. மதியச் சாப்பாட்டுக்காகக் காத்திருந்த ஒருவரை உட்கார வைத்தார்கள். பன்னிரண்டரை வரை கதவுகள் அருமையாகத் திறந்தன, அப்புறம் இல்லை. பரீட்சை முடிவுக்காகக் காத்திருந்த ஒரு பெண் வியாழக்கிழமை வரை தாங்கினாள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தன் மருமகனுக்காகக் காத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கதவுகள் ஒரு சாண் திறந்து நின்றன. மருமகன் வரவேண்டும் என்று அவருக்கு உள்ளூர ஆசை இல்லை. கதவுகளை ஏமாற்ற முடியாது.

கடைசியில்தான் பியோன் மிரான் கிடைத்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது, சந்தையில் பொத்தான் விற்றுக்கொண்டிருந்தாள். இருபத்து நாலு வயதில் ஒரு சனிக்கிழமை, அவளைக் காதலித்த தோ சங்வூ என்பவன் படிக்கட்டுக்கு எதிரே அவளை இறக்கிவிட்டு, "பத்தே நிமிஷம், வண்டியை நிறுத்திட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். இன்னும் வரவில்லை. தோங்சோங்னோ பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடிய எவருக்கும் இது பெரிய விஷயமாகப் படாது.

அவன் மறந்துவிட்டான் என்றும் சொல்ல முடியாது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு தபால் கார்டு படிக்கட்டு விலாசத்துக்கு வரும். "ஆற்றங்கரையில் ஒரு இடம் இருந்தது, லாரிக்காரன் முந்திக்கொண்டான்." "நல்ல நிழல், ஆனால் தீயணைப்பு வண்டி நிற்கும் இடமாம்." ஒவ்வொரு கார்டும் போனதைவிடக் கொஞ்சம் தள்ளியிருக்கிற ஊரிலிருந்து வந்தது. மிரான் சனிக்கிழமை தவறாமல் படிக்கட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். அவள் உட்கார்ந்த நேரத்தில் கதவுகள் வெண்ணெயாக வழுக்குவதைக் கவனித்தவர், சங்கத்தின் தலைவரும் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருமான கூ என்பவர். மறுவாரமே வேலை உத்தரவு அவள் கைக்கு வந்துவிட்டது.

பதினோரு வருஷமாக அதுதான் அவள் உத்தியோகம். காலை பத்தரைக்கு நாலாவது படியில் மெத்தையைப் போடுவாள், பக்கத்தில் வறுத்த பார்லித் தண்ணீர். காத்திருப்பதில் அவளுக்குத் தேர்ச்சி வந்துவிட்டது. கதவுகள் மந்தமானால் கைக்கண்ணாடியை எடுத்துத் தலைமுடியைச் சரிசெய்துகொள்வாள், உடனே தெருக்கோடி வரை சுறுசுறுப்பு வந்துவிடும். ஒரே ஒரு வசந்த காலத்தில்தான் தவறு நடந்தது. நல்ல இளவெயில், யாரோ கொடுத்த ஸ்ட்ராபெர்ரி, அரை மணி நேரம் சங்வூவைச் சுத்தமாக மறந்துபோனாள். செருப்புக் கடைக்குள் பதினொரு பேர் மாட்டிக்கொண்டு, வேறு வழியில்லாமல் எல்லாச் செருப்பையும் போட்டுப் பார்த்தார்கள். சாயங்காலம் மிரான் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டாள். ஆனால் அந்த அரை மணி நேரம் எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

அறுவடைத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, காலைத் தபாலில் ஒரு கார்டு வந்தது. "இடம் கிடைத்துவிட்டது. இன்று மூன்று மணிக்கு வருகிறேன். சங்வூ."

மிரான் மெத்தையைப் படியிலேயே விட்டுவிட்டுக் கார்டை எடுத்துக்கொண்டு, கதவுகள் நிற்காதபடி மனசுக்குள் காத்திருந்துகொண்டே நடந்து, கூவின் கடைக்குப் போனாள்.

"தலைவரே, இன்னைக்கு வராராம்."

கூ கார்டைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். அதிலும் அதேதான் எழுதியிருந்தது.

"யோசானிம்," என்றார் அவர். மரியாதைக்குரிய பெண்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். "இன்னைக்குத் தெருவுல அறுபதாயிரம் பேர். நீங்க காத்திருக்கறது முடிஞ்சுதுன்னா அத்தனை கதவும் நின்னுடும். அதுக்கப்புறம் திறக்க ஆளில்ல."

"தெரியும் தலைவரே. ஆனா எனக்கு அலுத்துப்போச்சு. உட்கார்ந்து உட்கார்ந்து உலகத்துல நாலாவது படி ஒண்ணுதான் இருக்குங்கற மாதிரி ஆயிடுச்சு. அவர் வரட்டும்."

கூ நியாயமான மனிதர். அவளை வற்புறுத்தவில்லை. மாற்று ஏற்பாடாகத் தானே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தார். ஆனால் யாருக்காகக் காத்திருப்பது? அவருடைய மனைவி முப்பத்து நாலு வருஷமாக அதே கடையில், அவருக்குப் பக்கத்து நாற்காலியிலேயே இருக்கிறாள். பிள்ளைகள் மாடியில். நண்பர்கள் எதிர்க்கடையில். காலுறைக் கடைக்காரி வந்து உட்கார்ந்தாள், பொம்மைக் கடைக்காரர் வந்து உட்கார்ந்தார், தேநீர்க் கடை இரட்டையர்கள் வந்து உட்கார்ந்தார்கள். இரட்டையர்கள் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க முயன்றார்கள், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. எல்லோருக்கும் தெரிந்த ஒரே காத்திருப்பு வாடிக்கையாளருக்காகக் காத்திருப்பது. அதைக் கதவுகள் ஒருநாளும் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை. உட்கார்ந்த அத்தனை பேரும் கொஞ்சம் மனம் சுருங்கிப்போய் எழுந்து போனார்கள்.

ஆகவே சங்கம் இரண்டாவது ஏற்பாட்டுக்கு இறங்கியது. வருகிறவரைத் தாமதப்படுத்துவது. அந்தத் தெருவில் அதற்குப் பஞ்சமில்லை. இரண்டே முக்காலுக்குச் சங்வூ தெருமுனையில் தென்பட்டவுடன் அழகுசாதனக் கடைப் பெண் அவர் கையில் ஒரு முகப்பூச்சு மாதிரிப் பொட்டலத்தைத் திணித்தாள். அடுத்தவள் ஒரு குட்டித் துண்டு. ஒருவர் ஒரு கேள்வித்தாளை நீட்டி, நாற்பது கேள்விகள், அவசரமில்லை என்றார். ஒருவர் குச்சியில் குத்திப் பொரித்த மீன் பலகாரத்தைக் கொடுத்து ருசி பார்க்கச் சொன்னார். சங்வூ யாரையும் மறுக்கத் தெரியாதவர். மறுக்கத் தெரிந்தவராக இருந்தால் அந்த லாரிக்காரனிடம் அன்றைக்கே இடத்தை விட்டுக்கொடுத்திருக்க மாட்டார். நாற்பது கேள்விக்கும் பதில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார்.

மிரான் படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் ஆசை. இரண்டையும் எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியவில்லை. அவர் ஒவ்வோர் அடி நெருங்க நெருங்கக் கதவுகள் ஒவ்வொரு விரற்கடையாகக் குறுகின. பத்து அடிக்குள் வந்தபோது தெரு முழுக்க ஒல்லியானவர்கள் மட்டுமே கடைகளுக்குள் போய்வர முடிந்தது. மற்றவர்கள் கையில் பையோடு அமைதியாக நின்றார்கள்.

மூன்று இருபதுக்கு அவர் நாலாவது படிக்கு முன்னால் வந்து நின்றார். முன்தலை வழுக்கை, ஐம்பத்து எட்டு வயது, கை நிறைய மாதிரிப் பொட்டலங்கள்.

"மிரான்-ஆ," என்று பழைய உரிமையோடு கூப்பிட்டார். "ரொம்ப நேரம் காத்திருந்தியா?"

இந்தக் கேள்விக்கு அந்தத் தெருவில் ஒரே பதில்தான் உண்டு. பத்து நிமிஷம் காத்திருந்தாலும், இரண்டு மணி நேரம் மழையில் நின்றிருந்தாலும், "இல்லையே, இப்பத்தான் வந்தேன்" என்றுதான் சொல்ல வேண்டும். மிரான் அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவருடைய கைகள் கண்ணில் பட்டன. வலது கை வெளுப்பு. இடது கை முழங்கை வரை நன்றாகக் கறுத்திருந்தது. அங்கே வண்டி ஓட்டுபவர் உட்காருவது இடது பக்கம். முப்பது வருஷமாக வண்டி ஜன்னலில் வைத்த கை. மலையடிவாரம், ஆப்பிள் தோட்டம், துறைமுகம் என்று ஊர் ஊராக வெயில் வாங்கிய கை. மிரானுக்கு அந்த ஒரு கையின் மேல் பொறாமை பொங்கிவந்தது.

"ஆமா ஓப்பா," என்றாள், காதலித்த நாட்களில் கூப்பிட்ட அதே செல்ல அழைப்பில். "ரொம்ப நேரம்."

தெருவில் அந்தப் பதில் விழுந்ததும் சிலர் மரியாதையாகத் தலை குனிந்தார்கள். கதவுகள் ஒரு விரற்கடையில் வந்து நின்றன.

"வண்டி எங்க?"

"சர்ச்சுக்குப் பின்னாடி. நல்ல இடம், கொஞ்சம் கோணலா நிறுத்தணும். நாலு மணி வரைக்கும்தான். அப்புறம் எடுத்துடணுமாம்."

"சாவியைக் குடு," என்றாள் மிரான். "நான் போய் வேற இடத்துல நிறுத்திட்டு வரேன். நீ இங்கயே இரு."

"உனக்கு வண்டி ஓட்டத் தெரியாதே."

"வண்டிக்குத் தெரியும் இல்ல? பத்தே நிமிஷம்."

அவர் யாரையும் மறுக்கத் தெரியாதவர் என்று முன்பே சொன்னோம். சாவியைக் கொடுத்தார். மிரான் எழுந்து மெத்தையை அவருக்காகத் தட்டிப் போட்டு, பார்லித் தண்ணீர் எங்கே இருக்கிறது, மூன்றாவது படியில் எந்த மூலையில் ஈரம் இருக்கும், நாலு மணிக்கு வெயில் எந்தப் பக்கம் திரும்பும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தாள். அவர் உட்கார்ந்தார். அவள் ஒருதடவை அவருடைய வழுக்கையைத் தொட்டுப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கிளம்பிவிட்டாள்.

கூ தன் கடைக் கதவுக்கு முன்னால் போய் நின்றார். கதவு திறந்தது. பின்வாங்கி மறுபடி நின்றார். மறுபடி திறந்தது, முன்பைவிடச் சுறுசுறுப்பாகவே. காலுறைக் கடைக்காரி வந்து, "அவர் மிரானுக்காகக் காத்திருக்காரா, வண்டிக்காகக் காத்திருக்காரா?" என்று கேட்டாள்.

"கதவுக்கு அது தேவையில்ல," என்றார் கூ. "வண்டி புதுசுன்னு கேள்வித்தாள்ல எழுதியிருக்கார். நல்லாவே காத்திருப்பார்."

அவர் உள்ளே போய் வேலை உத்தரவில் மிரானின் பெயருக்குப் பக்கத்தில் சங்வூவின் பெயரை எழுதிக்கொண்டார்.

வண்டிக்கு ஓடத் தெரிந்திருந்தது. மிரான் சர்ச்சைத் தாண்டினாள், இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. வங்கி வாசலில் இடம், மருத்துவமனை எதிரே நல்ல நிழலில் இடம், ஆற்றங்கரையில் வரிசையாக ஒன்பது இடம். ஒவ்வொன்றையும் பார்த்து மரியாதைக்குத் தலையசைத்துவிட்டு மேலே போனாள். எங்கே போகிறோம் என்று அவள் யோசிக்கவில்லை. கிழக்கே போகும் சாலை காலியாக இருந்தது, ஜன்னலை இறக்கி இடது கையை வெளியே வைத்தாள். வெயில் சூடாக, சுகமாக இருந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். யாரும் பார்க்கவில்லை, பார்த்தாலும் அவளுக்குக் கவலை இல்லை.

கடலோர ஊரான போஹாங்குக்குப் போகும் வழியில், சுங்கச்சாவடியில் ஒருவர் கூண்டிலிருந்து தலையை நீட்டினார்.

"கடலுக்கா அம்மா? கடல் சாப்பிடப் போயிருக்கு. இன்னைக்குக் கொஞ்சம் லேட்டு, அஞ்சு மணிக்குள்ள வந்துடும். ஓரமா நிறுத்திட்டுக் காத்திருக்கீங்களா?"

"இல்ல," என்றாள் மிரான். "நான் போயிட்டே இருக்கேன். வந்ததும் பின்னாடியே அனுப்பிடுங்க."

அவர் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு தடுப்பைத் தூக்கினார்.