வர்ஜிலின் வலது கால்

அந்த மனிதர் கீழே விழுந்ததும் நான் முதலில் பார்த்தது நடுவரைத்தான், சிவப்பு அட்டையை எடுக்கிறாரா என்று. விழுந்தவரின் காலைப் பார்த்தது அதற்கப்புறம்தான்.

நான் இங்கிலாந்தில் பார்ன்ஸ்லிக்காரன். பதினாறு வருஷம் ஞாயிற்றுக்கிழமை லீக்கில் கால்பந்து ஆடியவன். நகராட்சிப் பூங்காதான் மைதானம். பாதி சேறு, மீதி நாய் அசிங்கம். முந்தின நாள் குடித்தது இறங்காமலே சிலர் வந்து நிற்பார்கள். வருஷக்கணக்காக அதே பதினைந்து பேர், அதே பப். ஆட்டம் தொடங்கிய பத்து நிமிஷத்துக்குள் எதிரணியில் நன்றாக ஆடுகிறவன் காலில் ஒரு போடு போடுவோம். அவனும் திருப்பிப் போடுவான். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்வோம். சாயங்காலம் பப்பில் அவனே நமக்கு ஒரு பீர் வாங்கித் தருவான்.

மனைவியின் ஊரான ஓஹையோவுக்குக் குடிவந்த பிறகு இங்கேயும் ஒரு லீக்கில் சேர்ந்தேன். இணையத்தில் பணம் கட்டினால் ஒரு டி-ஷர்ட் தருவார்கள். முன்பின் தெரியாத பதினாலு பேரோடு ஒரு அணியில் போடுவார்கள், ஆண்களும் பெண்களும் கலந்து. எல்லோருக்கும் சமமாக ஆட நேரம் தர வேண்டும். சறுக்கி விழுந்து பந்தைப் பறிக்கக் கூடாது என்று விதித்தாளில் தடித்த எழுத்தில் இருக்கும். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையில் நின்று, ஒருவர் கையை ஒருவர் தட்டி, "நல்ல ஆட்டம், நல்ல ஆட்டம்" என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். பிறகு அவரவர் காரில் ஏறி அவரவர் வீட்டுக்கு. எட்டு வாரத்தில் அணியே கலைந்துவிடும்.

"பொறந்தநாள் பார்ட்டி மாதிரி இருக்கு" என்று மனைவியிடம் கிண்டல் பண்ணுவேன். "வெளயாடத் தெரியாத ஊருன்னா வெளயாடாத" என்பாள் அவள்.

அக்டோபர் மாதம், ஒரு ஞாயிறு மதியம். எதிரணியில் பச்சை டி-ஷர்ட்டில் வயிறு பிதுங்க ஒரு பெரியவர். முழங்காலில் பட்டை. கோலுக்கு முன்னால் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். பந்து அவர் காலில் பட்டாலே அவருடைய ஆட்கள் "வர்ஜில்! வர்ஜில்!" என்று கூவினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

இரண்டாவது பாதியில் அவரிடமிருந்து பந்தைப் பறிக்கப் போனேன். நான் வருகிற வேகத்தைப் பார்த்துப் பயந்துபோய்ச் சும்மா ஒரு தட்டு தட்டினார். பந்து என் இரண்டு கால்களுக்கும் நடுவே போய்விட்டது. கால்பந்தில் அதைவிட அவமானம் கிடையாது. மைதானமே சிரித்தது. எங்கள் கேப்டன் ட்ரிஷாகூடக் கைதட்டினாள். அந்த மனிதர் முகம் அப்படி மலர்ந்தது.

இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி அவரிடம் பந்து வந்தது. நான் ஓடிப்போய்ச் சறுக்கினேன். பந்து எங்கே இருந்ததென்று எனக்குத் தெரியாது. நான் அதைப் பார்க்கவே இல்லை.

ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. பார்ன்ஸ்லியாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார்கள். இங்கே ஒருத்தி கம்பளி கொண்டுவந்தாள், ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ட்ரிஷா என் தோளைத் தொட்டு, "பரவால்ல கிரெய்க், வேணும்னே யாராவது செய்வாங்களா" என்றாள். நானும் தலையாட்டினேன். அடுத்த வார ஆட்ட நேரத்தைச் சொல்லி வழக்கமாக வரும் செய்தி எனக்கு மட்டும் வரவில்லை.

அந்த வாரம் மனைவி அவள் அக்காவின் பிரசவத்துக்காகப் போயிருந்தாள். எட்டு வயது மகள் ஹேசலைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடும் வேலை என் தலையில். திங்கள்கிழமை பேருந்து இருபது நிமிஷம் தாமதம். செவ்வாயும் அப்படித்தான். புது டிரைவர், வழி தெரியவில்லை.

"மிஸ்டர் வர்ஜில் இருந்தா லேட்டே ஆகாதுப்பா" என்றாள் ஹேசல். "அவருக்குக் கால் உடைஞ்சிடுச்சாம்."

அந்தப் பேருந்தின் டிரைவரை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தொப்பி, அசைகிற ஒரு கை, அவ்வளவுதான்.

"எப்படியாம்?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

"பந்து வெளயாடறப்போ எவனோ மிதிச்சுட்டானாம். அவன் ரொம்பக் கெட்டவன், இல்லப்பா?"

"தெரியாம பட்டிருக்கும்மா."

மதியம் ஊரிலிருக்கும் நெவ்வுக்குப் போன் போட்டேன். எங்கள் பழைய அணியின் கோல்கீப்பர், என் உயிர் நண்பன்.

"இங்க எல்லாம் கண்ணாடிப் பொம்மைங்க மாப்ளே. நம்ம ஊர்ல தட்டுற மாதிரி ஒரு தட்டு தட்டினேன், கால் போயிடுச்சு" என்றேன்.

நெவ் சிரித்தான். "கோல் அடிக்கிற பயலா?"

"இல்ல, பின்னாடி நிக்கிறவரு."

"நிக்கிற'வரா'? என்னடா திடீர்னு மரியாதை? வயசென்ன?"

"அறுபதுகிட்ட இருக்கும்."

சிரிப்பு நின்றுவிட்டது. "கிரெய்க், நம்மகூட ஸ்டான் பெருசு ஆடினாரே, அறுபது வயசு வரைக்கும். அவர எந்த டீம்காரனாவது தொட்டிருக்கானா?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"தொட்டிருந்தா அவன் பல்ல நானே உடைச்சிருப்பேன். நீ பண்ணதுக்கு நம்ம ஊர் பேர இழுக்காதடா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

சனிக்கிழமை ஹேசல் வர்ஜிலுக்கு ஒரு பெரிய வாழ்த்து அட்டையோடு வந்து நின்றாள். பேருந்தில் வரும் பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டது. வர்ஜில் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி என்பதால் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு இவளுக்கு.

"அம்மா வந்ததும் போகலாமே."

"அதுக்குள்ள பழசாயிடும்ப்பா."

காரிலேயே உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் வர்ஜிலின் மனைவி லொரெட்டா வாசல்வரை வந்து என்னையும் உள்ளே கூப்பிட்டார். சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் வர்ஜில். முழங்காலுக்குக் கீழே இரும்புக் கம்பிகள். என்னைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இது எங்கப்பா" என்றாள் ஹேசல்.

"உங்கப்பாவ எனக்குத் தெரியுமே. ஒரே மைதானத்துலதான் வெளயாடுறோம்."

"அப்ப உங்கள மிதிச்சது யாருன்னு அப்பாவுக்குத் தெரியுமா?"

"எல்லாம் சட்டுனு நடந்துடுச்சும்மா" என்று சொல்லிவிட்டு அட்டையை விரித்து, ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தார். லொரெட்டா ஹேசலை அடுப்படிக்குக் கூட்டிப்போனார், ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரம் தருவதற்காக.

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

"பந்து கால் நடுவுல போச்சே, அந்தக் கோபமா?"

"ஆமா."

"அது நான் தெரியாம தட்டினது. டாக்டர் ஓடியாடச் சொன்னாருன்னு இந்த வயசுலதான் வெளயாட வந்தேன். வெளயாட்டுல நான் உருப்படியா செஞ்சது அது ஒண்ணுதான்." காலைக் காட்டினார். "அத நெனச்சு சந்தோஷப்படறதுக்குள்ள இது."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பிரேக் மிதிக்கிற வலது காலு. ஜனவரி வரைக்கும் பஸ்ஸைத் தொட விடமாட்டாங்க. உங்க பொண்ணுகிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அது என் வேலை இல்ல."

திரும்பும் வழியில் தெருவோரமாகக் காரை நிறுத்தினேன். "ஹேசல், அவர மிதிச்சது நான்தான்."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "தெரியாமதானே பட்டுச்சு?"

ஆமாம் என்றிருந்தால் நம்பியிருப்பாள்.

"இல்லம்மா. எல்லாரும் என்னப் பாத்துச் சிரிச்சாங்க. கோபம் வந்துடுச்சு."

அவள் மடியில் அந்த ஆப்பிள் பலகாரத்தில் ஒரு துண்டு காகிதத்தில் சுற்றி இருந்தது, எனக்காக வாங்கி வந்தது. அதை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எப்படியாம்னு நீ எங்கிட்ட கேட்டியேப்பா" என்றாள்.

லீக் அலுவலகத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன், தடை போடட்டும் என்று. நேர்மைக்கு நன்றி சொல்லி, அடுத்த பருவத்திலும் என்னை எதிர்பார்ப்பதாகப் பதில் வந்தது. கீழே பதிவுப் படிவம் வேறு. நான் அதை நிரப்பவில்லை.

ஹேசல் பேருந்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். மனைவி திரும்பி வந்த பிறகும் காலையில் நானே அவளை ஏற்றிவிடப் போனேன். பேருந்து வந்து நிற்கும். ஜன்னலுக்கு ஜன்னல் முகங்கள் ஒட்டியிருக்கும். ஒரு பொடியன் விரலை நீட்டிப் பக்கத்திலிருப்பவனுக்கு என்னைக் காட்டுவான். பேருந்து கிளம்பும்வரை நின்றுவிட்டுத்தான் திரும்புவேன்.

ஜனவரிக் கடைசியில் வர்ஜில் வேலைக்கு வந்தார். கதவைத் திறந்து, "குட் மார்னிங், ஹேசல்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, பெயர் சொல்லாமல், "குட் மார்னிங்" என்றார். நானும் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.