புரட்டாசி முட்டை

முட்டையை வீட்டுக்குள்ளே கொண்டுவரக் கூடாது என்று நான் சொன்னதும் சதீஷ் வாசல்படியிலேயே நின்றுவிட்டார். கையில் செய்தித்தாளில் சுற்றிய மூன்று முட்டைகள். புரட்டாசி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது; மீன் சட்டியைக்கூடத் தேய்த்துக் கழுவிப் பரணில் ஏற்றிவிடுவேன். "சாப்புடவா போறோம், சயின்ஸுக்குத்தான அனு" என்றார். சயின்ஸுக்கு ஒரு பெருமாள், சாப்பாட்டுக்கு ஒரு பெருமாள் என்று எனக்குத் தெரிந்து கிடையாது. அதையே சொன்னேன். மனிதர் திரும்பிப் போய், ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி, உள்ளே மழைக்கோட்டின் மேல் முட்டைகளைப் படுக்கவைத்தார். கத்தாரில் பெரிய பெரிய கட்டடங்களுக்கு ஏசி மாட்டுகிறவர், குடவாசலில் மூன்று முட்டைக்கு இடம் தேடி நின்றதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாகத்தான் வந்தது.

எங்கள் மகள் பிரகதீஸ்வரி யூகேஜி படிக்கிறாள். சனிக்கிழமை அவள் பள்ளிக்கூடத்தில் குடும்ப அறிவியல் நாள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அப்பா அம்மா வந்து ஒரு சின்னச் சோதனை செய்து காட்ட வேண்டும், பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்ய வேண்டும் என்று வகுப்பு டீச்சர் ஷமா மிஸ் குரூப்பில் போட்டிருந்தார். மற்ற அப்பாக்கள் எல்லாம் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தபோது, முதல் ஆளாகக் கையைத் தூக்கியவர் இவர்தான். காரணம் எனக்குத் தெரியும். பிள்ளை இவரிடம் வரமாட்டேன் என்கிறாள்.

இவர் போனபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அதன்பிறகு அவளுக்கு அப்பா என்றால் போனில் இருக்கிறவர்தான். போனுக்கு முத்தம் கொடுப்பாள், போனுக்கு ஒரு வாய் சோறு ஊட்டுவாள். அந்த அப்பா திருச்சி ஏர்போர்ட்டில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நேரில் வந்து நின்றதும் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த அங்கிள் எப்பம்மா போவாரு?" என்று கேட்டாள். இவர் சிரித்தார். அது சிரிப்பே இல்லை என்று எனக்குத் தெரியும். பொம்மை, சாக்லேட், ரிமோட் கார் எல்லாம் கொடுத்துப் பார்த்தார். கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவாள். மாடிக்குப் போய் அங்கிருந்து வீடியோவில் கூப்பிட்டால் மட்டும் மணிக்கணக்காகக் கதை சொல்வாள். அதே சட்டையோடு அதே ஆள் இறங்கி வந்தால் கதவிடுக்கில் போய் நிற்பாள். இப்படியே லீவு கரைந்துவிட்டது. அடுத்த புதன்கிழமை ஃப்ளைட். போவதற்குள் ஒருமுறையாவது அவள் நேரில் அப்பா என்று கூப்பிட்டுவிட மாட்டாளா என்று வாய்விட்டே ஒருநாள் என்னிடம் கேட்டார். வெந்நீர் எடுத்து வைத்திருக்கிறேன், போய்க் குளியுங்கள் என்றேன்.

சோதனையை அவரேதான் யோசித்தார். எங்கள் பக்கத்தில் விதை நெல்லைப் பிரிக்கிற வழி ஒன்று உண்டு. தண்ணீரில் முட்டையைப் போட்டால் முங்கும். உப்பைக் கரைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் மெல்ல எழும்பி மிதக்கும். அந்தத் தண்ணீரில் நெல்லைக் கொட்டினால் பதரும் சொத்தையும் மேலே வந்துவிடும், திரண்ட நெல் அடியில் தங்கும். பிரகதி கரண்டி கரண்டியாக உப்புப் போடுவாள், முட்டை எழும்பும், அவள் ஆச்சரியத்தோடு இவர் முகத்தைப் பார்ப்பாள். இவருடைய திட்டமே அவ்வளவுதான். முட்டைக்குப் பதில் உருளைக்கிழங்கு போட்டாலும் அப்படித்தான் முங்கும், மிதக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். எங்க வீட்ல எப்பவும் முட்டைதான் என்றுவிட்டார். பிடித்தால் ஒரே பிடி. வீட்டுக்குள் முட்டைக்குத் தடை என்பதால் ஒத்திகையும் பார்க்கவில்லை.

புரட்டாசி சனிக்கிழமை அதுவுமாக, வந்திருந்தவர்களில் பாதிப் பேர் நெற்றியில் நாமம். பக்கத்து மேஜையில் இன்னொரு பிள்ளையின் அம்மா ப்ரியம்வதா, ஒரு பாட்டிலில் எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் சேர்த்து, அதன் வாயில் மாட்டிய பலூனை ஊத வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் முட்டைகளைப் பார்த்ததும் பாட்டிலை ஒரு சாண் நகர்த்திக்கொண்டார். நானாக இருந்தால் இரண்டு சாண் நகர்த்தியிருப்பேன். பலூன் உப்பியதும் பிள்ளைகள் கைதட்டின. பிரகதி என் துப்பட்டாவைத் தலையில் போர்த்திக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றாள்.

எங்கள் முறை வந்தது. சதீஷ் தொண்டையைச் செருமிக்கொண்டு, இது வெறும் தண்ணி, இதுல முட்டை முங்கிரும் பாருங்க என்று சொல்லி, கண்ணாடி ஜாடிக்குள் முட்டையை மெதுவாக விட்டார். முட்டை ஜம்மென்று மிதந்தது. விரலால் அழுத்திவிட்டார். திரும்ப மேலே வந்தது. இரண்டாவது முட்டையைப் போட்டார், அதுவும் மிதந்தது. ப்ரியம்வதாவின் மகன் ஹரிசங்கர், "அங்கிள், முங்கும்னு சொன்னீங்க?" என்றான். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. இவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. பிரித்த உப்புப் பாக்கெட்டை ஒரு கையிலும் கரண்டியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு ஜாடியையே பார்த்தபடி நின்றார். ஊரே சிரித்தாலும் போகிறது, பிள்ளை முன்னால் இப்படி ஆகிவிட்டதே என்று அந்தப் பெருமாள் மேலேயே கோபம் வந்தது.

துப்பட்டா விலகியதை அப்புறம்தான் கவனித்தேன். பிரகதி மேஜைக்குப் போய், மோவாயைப் பலகையில் வைத்து, ஜாடியோடு கண்ணை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் மெதக்குது?"

என்னையோ மிஸ்ஸையோ கேட்கவில்லை. நிமிர்ந்து இவரைப் பார்த்துக் கேட்டாள். இவர் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். "தெரியலயே பாப்பா" என்றார்.

அவளுக்கு அது பிடித்துவிட்டதுபோல. உப்புப் போட்டீங்களா என்று விசாரித்தாள். இல்லை. நிஜமாவா? நிஜமாக. அப்படியானால் தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது, மாற்றலாம் என்றாள். இரண்டு பேருமாக ஜாடியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார்கள். பிடித்துவந்ததில் பாதியை இவர் பேண்ட்டில் கொட்டினாள். புதுத் தண்ணீரிலும் முட்டை மிதந்தது. ஷமா மிஸ் தன் குடிதண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். அதிலும் மிதந்தது. பிள்ளைகள் சிரிப்பை விட்டுவிட்டு மேஜையைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றன. பிரகதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"தண்ணில ஒண்ணும் இல்ல. முட்டைக்குள்ளதான் என்னமோ இருக்கு. ஒடச்சுப் பாப்பமா?"

வகுப்புக்குள் வேண்டவே வேண்டாம் என்று ஷமா மிஸ் எல்லோரையும் மைதானத்துப் புங்கமரத்தடிக்குக் கூட்டிப்போனார். அங்கே கிடந்த ஒரு தேங்காய்ச் சிரட்டையின் விளிம்பில் சதீஷ் முட்டையைத் தட்டினார். அவ்வளவுதான். அப்படி ஒரு நாற்றத்தை என் ஆயுளில் நான் கண்டதில்லை. நாமம் போட்ட அப்பாக்கள் "கோவிந்தா" என்று சிதறி ஓடினார்கள். ப்ரியம்வதா மகனை இழுத்துக்கொண்டு ஸ்கூல் பஸ்ஸுக்குப் பின்னால் போய்விட்டார். நானும் ஓடினேன், மறைப்பதற்கில்லை. கேட் பக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தபோது மரத்தடியில் இரண்டே பேர்தான் இருந்தார்கள். இவர் கையெல்லாம் முட்டை. அவள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் இவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா நாறுதுப்பா! இன்னொண்ண ஒட!"

இவர் அடுத்த முட்டையை எடுத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நாற்றத்தால் என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னேன்.

விஷயம் பிறகுதான் வெளியே வந்தது. கடைக்காரர் நேர்மையான மனிதர். புரட்டாசி பிறந்ததிலிருந்து முட்டை வாங்க ஆளில்லை தம்பி, பழசாத்தான் இருக்கும் என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். சாப்பிடவா போகிறோம், பழசாக இருந்தால் என்ன என்று இவரும் வாங்கிவிட்டார். போதாததற்கு இரண்டு நாள் வெயிலில் ஸ்கூட்டருக்குள் வெந்தது வேறு. பழைய முட்டைக்குள் இருக்கிற ஈரம் ஓட்டு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, அந்த இடத்தில் காற்று புகுந்துவிடும், அதனால்தான் மிதக்கிறது என்று ஷமா மிஸ் தூரத்தில் நின்றபடியே பிள்ளைகளுக்குச் சொன்னார். வீட்டுக்குள் வைத்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் மரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

குழாயடியில் அப்பாவும் மகளும் கை கழுவினார்கள். அவள் தன் கையை முகர்ந்தாள், பிறகு இவர் கையை இழுத்து முகர்ந்தாள். உன் கைதான் ஜாஸ்தி நாறுது என்று தீர்ப்புச் சொன்னாள். என்னிடம் சோப்பு இருந்தது. நீட்டினேன். வேண்டாம் என்று இவர் தலையை ஆட்டினார்.

திரும்பும்போது நான் பின்னால் உட்கார்ந்தேன். அவள் முன்னால் இவர் கைகளுக்கு நடுவில் நின்றுகொண்டாள். வாய்க்காலில் விளிம்பு வரை தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, இரண்டு பக்கமும் தாளடி நெல் நாற்றங்கால் பச்சைப் பசேலென்று. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை அவள் இவருடைய இடது கையை ஹேண்டில்பாரிலிருந்து பிரித்தெடுத்து மூக்கில் வைத்துப் பார்த்து, "இன்னும் நாறுதுப்பா" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டுத் திரும்பவும் வைத்தாள். ஒவ்வொரு தடவையும் இவர் வேகத்தைக் குறைத்தார். புல்லுக்கட்டோடு சைக்கிளில் வந்த ஒருவர்கூட மணியடித்துவிட்டு எங்களை முந்திக்கொண்டு போனார்.