புள்ளி நான்கு

முதல் நாள் பாலைத் திட்டினாள். இரண்டாம் நாள் கனநீரைத் திட்டினாள். மூன்றாம் நாள் திட்டுவதற்கு வேறு ஆள் கிடைக்காமல் ரென்ஸ்கா ஹூக்ஸெமா கணினித் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறுபத்தாறு வயது, ஓயாத இடுப்பு வலி. வெள்ளிக்கிழமை பணி ஓய்வு.

முப்பத்திரண்டு வருடமாக அவள் பார்த்த வேலை, பால் எப்படித் தயிராகிறது என்று அதன் உள்ளே புகுந்து பார்ப்பது. நுண்ணோக்கிக்கும் எட்டாத நுணுக்கத்தில் பார்க்க வேண்டும். அதற்கு அணு உலையிலிருந்து வரும் நியூட்ரான் கற்றை வேண்டும். கற்றை பாலுக்குள் போய்ச் சிதறி வெளியே வரும். சிதறியதை எண்ணிக் கோடு போட்டால், உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு பெரிது என்று அந்த வளைகோடு சொல்லும். சாதாரணத் தண்ணீர் கற்றையைக் குழப்பிவிடும் என்பதால் பால் பொடியைக் கனநீரில் கரைக்க வேண்டும். கற்றையில் வைத்ததை வாயில் வைக்கக் கூடாது என்பது உலைச் சட்டம். வாழ்நாளெல்லாம் தயிரோடு மல்லுக்கட்டியவள் தன் தயிரில் ஒரு கரண்டி ருசி பார்த்ததில்லை. யாராவது கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாள். சிரித்துச் சிரித்து அதுவும் அலுத்துவிட்டது.

கற்றை சும்மா கிடைக்காது. விண்ணப்பம் போட வேண்டும், குழு கூடிப் படிக்க வேண்டும், மனது வைத்தால் மூன்று நாள் கொடுப்பார்கள். இது அவளுடைய கடைசி மூன்று நாள். புதிதாக எதையும் கண்டுபிடிக்க அவள் வரவில்லை. தன் பழைய வளைகோட்டையே புதிய கருவியில் இன்னொரு முறை அழகாக எடுத்து, வெள்ளிக்கிழமை விடைபெறும் உரையில் காட்ட வேண்டும் என்ற சின்ன ஆசைதான். கறுப்பு அங்கியும் தொப்பியுமாக மேடையேறும்போது பின்னால் திரையில் அது ஒளிர வேண்டும்.

அந்த வளைகோட்டில் ஒரு சின்ன மேடு உண்டு. பாலின் புரத உருண்டைகளுக்குள் சுண்ணாம்புச் சத்து முடிச்சு முடிச்சாகக் கட்டியிருக்கிறது என்பதற்கு அந்த மேடுதான் சாட்சி. பால் புளிக்கப் புளிக்க அதன் பி.எச். எண் இறங்கும், முடிச்சுகள் கரையும், மேடும் அமுங்கும். ஐந்து புள்ளி ஆறிலேயே மேடு மறைந்துவிடுகிறது, அதாவது பால் உறைய நினைப்பதற்கு வெகுமுன்பே முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது என்று தொண்ணூற்றேழில் அவள் எழுதினாள். பாடப் புத்தகங்களில் அதற்கு ஹூக்ஸெமா புள்ளி என்று பெயர். பேராசிரியர் பதவி வந்தது அதனால்தான். வெள்ளிக்கிழமை விழாவுக்கு அச்சடித்த சிறு புத்தகத்தின் அட்டையிலும் அதே கோடுதான் பொன்னிறத்தில் மின்னுகிறது.

இப்போது அந்த மேடு ஐந்து புள்ளி ஆறில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஐந்து புள்ளி இரண்டுக்கு வந்த பிறகுதான் எழுந்து போனது. மூன்று முறை புதுப் பால் கரைத்தாள். மூன்று முறையும் இதே கதை.

"என்ன ப்ரொபஸரம்மா, பாலு இன்னும் அடம் பிடிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான் ஹார்மென். கருவியைக் கட்டி மேய்ப்பவன், அவளைவிட நாலு வயது சின்னவன். உலைக் கூடத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று காலையிலிருந்து அலமாரிகளைக் காலி செய்துகொண்டிருந்தான். கக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டி, கையில் ரொட்டி டப்பா.

"அடம் பிடிக்கல. வேற கதை சொல்லுது."

"போற நேரத்துல உன்னை வம்புக்கு இழுக்குது. சாப்பிடு முதல்ல."

அவள் தன் டப்பாவைத் திறந்து பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைக் கடித்து, பொட்டலத்து மோரைக் குடித்தாள். முப்பத்திரண்டு வருடமாக இதே ரொட்டி, இதே மோர். கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது, அதுவும் முப்பத்திரண்டு வருடமாகத்தான்.

"இதப் பாரு, யாரு கெடச்சிருக்கான்னு!" ஹார்மென் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பழைய பி.எச். மீட்டரைத் தூக்கிக் காட்டினான். "நம்ம கிழவன். உன் தயிரு அத்தனையும் இவன் கையால அளந்ததுதான். நீ என்னடான்னா இந்தத் தடவை ஊர்லேர்ந்து புது மீட்டர் மாப்பிள்ளையக் கூட்டிட்டு வந்துட்ட."

அவள் சிரித்துக்கொண்டே மீட்டரை வாங்கிப் பின்பக்கம் திருப்பினாள். ஒயர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் மஞ்சளேறிய ஒட்டுத்தாள் ஒன்று. ஹார்மெனின் கையெழுத்து. '0.4 சேர்த்தாச்சு.'

கனநீரில் மீட்டர் பொய் சொல்லும். உண்மையைவிடப் புள்ளி நான்கு குறைத்துக் காட்டும். காட்டுகிற எண்ணோடு கையால் புள்ளி நான்கைச் சேர்த்து எழுத வேண்டும். இந்தத் தொழிலுக்கு வருகிற யாருக்கும் முதல் நாள் காலையில் சொல்லித் தருவது இதைத்தான்.

"இது என்ன, ஹார்மென்?"

"அதுவா? வர்றவங்கள்லாம் புள்ளி நாலைச் சேக்க மறந்துட்டு, மூணு நாளும் வீணாப்போச்சேன்னு என் தோள்ல விழுந்து அழுவாங்க. அதான் மீட்டர்லயே சேத்து வெச்சிட்டேன். தொண்ணூத்தாறுலேர்ந்து."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"எழுதி ஒட்டியிருக்கேனே!"

"பின்னாடியா?"

"ஒயர் சொருகுறவங்க பின்பக்கம்தானே பாப்பாங்க."

"எனக்கு ஒயர் சொருகித் தர்றது நீதானே."

ஹார்மென் மெல்லுவதை நிறுத்தினான். "இரு. நீயும் சேத்தியா?"

"நான் ஒரு நாளும் மறந்ததில்ல," என்றாள் ரென்ஸ்கா. அதில் அவளுக்கு எப்போதும் ஒரு பெருமை இருந்தது. இன்று அதைச் சொல்லும்போது நாக்கு கசந்தது.

அவன் ஜாக்கிரதையாகச் சேர்த்தான், அவளும் ஜாக்கிரதையாகச் சேர்த்தாள். ஐந்து புள்ளி இரண்டு என்ற உண்மை ஐந்து புள்ளி ஆறு ஆகி, அதற்கு அவள் பெயரும் வைத்தாகிவிட்டது. ஒரு முறை நிலைநாட்டியதை யார் மறுபடி அளப்பார்கள்? அவளே அளக்கவில்லை. அதன் மேல் ஏறி நின்றுகொண்டு அடுத்ததற்குப் போய்விட்டாள்.

அளந்தது ஒரே ஒருத்தி. டென்மார்க்கிலிருந்து போடில் கியர்கோர், அப்போது இருபத்தொன்பது வயது. அவள் அனுப்பிய கட்டுரை சரிபார்க்க ரென்ஸ்காவிடமே வந்தது. ஐந்து புள்ளி இரண்டு என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். 'கனநீரில் அளப்பது எப்படி என்று முதலில் கற்றுக்கொண்டு வரவும்' என்று எழுதி, படிக்க வேண்டிய நாலு கட்டுரைகளையும் பட்டியலிட்டு, பெயர் போடாமல் திருப்பி அனுப்பினாள் ரென்ஸ்கா. அடுத்த வருடமே டென்மார்க்கின் உலையை மூடிவிட்டார்கள். போடில் கற்றை கேட்டு இங்கே இரண்டு முறை விண்ணப்பம் போட்டாள். குழுவில் உட்கார்ந்திருந்த ரென்ஸ்கா இரண்டு முறையும் உதட்டைப் பிதுக்கினாள். மூன்றாவது விண்ணப்பம் வரவில்லை.

"இந்தா பாரு," என்றான் ஹார்மென், தாழ்ந்த குரலில். "நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை பேசு, பூ வாங்கு, வீட்டுக்குப் போய்க் கால நீட்டு. பத்து வருஷம் கழிச்சு யாராவது கண்டுபிடிக்கட்டும்."

அவள் யோசிக்காமல் இல்லை. களைப்பாக இருந்தது. அட்டையெல்லாம் அச்சாகிவிட்டது, பேரப்பிள்ளைகள் புதுச் சட்டை எடுத்துவிட்டார்கள். இனிமேல் எதையும் சரிசெய்யத் தெம்பில்லை என்று உடம்பே சொன்னது.

"கண்டுபிடிச்சாச்சு, ஹார்மென்," என்றாள். "இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு."

சைக்கிள் கொட்டகைக்குப் போய்க் கைபேசியை எடுத்தாள். போடில் இப்போது ஒரு பால் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறாள் என்று எங்கோ படித்த ஞாபகம். பேரைத் தேடி, இரண்டு இடம் மாற்றி, கடைசியில் ஆள் கிடைத்தாள். இருவருக்கும் பொதுவான ஆங்கிலத்தில் பேசினார்கள். பின்னால் புட்டிகள் கலகலத்தன.

"ரென்ஸ்கா ஹூக்ஸெமா பேசுறேன். உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ..."

"இருக்கு."

"உங்க கட்டுரையத் திருப்பி அனுப்பினது நான்தான்."

"தெரியும். பேரு போடலேன்னா என்ன? ரென்ஸ்கா ஹூக்ஸெமாவோட நாலு கட்டுரையப் படிச்சிட்டு வான்னு வேற யாரு எழுதப்போறாங்க?"

ரென்ஸ்கா கண்ணை மூடிக்கொண்டாள். வெட்கத்தில் கழுத்து வரை சுட்டது. மீட்டரைப் பற்றி, ஒட்டுத்தாளைப் பற்றி, இரண்டு முறை சேர்த்ததைப் பற்றி ஒரே மூச்சில் சொன்னாள். "மறுபடி அளந்து பாத்தேன்," என்று முடித்தாள்.

புட்டிச் சத்தம் தள்ளிப் போனது. ஏதோ கதவு சாத்தப்பட்டது.

"எவ்வளவு வந்துச்சு?"

"அஞ்சு புள்ளி ரெண்டு."

மறுமுனையில் நாற்காலி ஒன்று இழுபட்டது.

"எனக்கு அஞ்சு புள்ளி ரெண்டு ஒண்ணு," என்றாள் போடில். "நீங்க புள்ளிக்குப் பின்னால இன்னும் ஒரு இடம் தள்ளி அளந்திருக்கணும்."

"என்னை மன்னிச்சிடுங்க."

"அத எங்கிட்ட தனியாச் சொல்லாதீங்க. எனக்கு அளக்கத் தெரியலேன்னு ஊரறியத்தானே ஆச்சு?"

"வெள்ளிக்கிழமை என் கடைசி உரை. எல்லாரும் வருவாங்க. அங்க சொல்றேன். என் கோட்ட எடுத்துட்டு உங்க கோட்டத்தான் காட்டுவேன். அனுப்புவீங்களா?"

"எங்கிட்ட இல்ல. வேலைய விட்ட அன்னிக்கு அத்தனையும் குப்பைத் தொட்டிக்குப் போயிடுச்சு."

கொட்டகைத் தகரத்தில் மழை வலுத்தது.

"காகிதம்தான் இல்ல," என்றாள் போடில். "பதினோரு அளவு. பேனா இருக்கா?"

கோட்டுப் பையில் விழாவுக்கான சிறு புத்தகம் மட்டுமே இருந்தது. பொன்னிறக் கோடு போட்ட அட்டையைச் சைக்கிள் இருக்கையில் குப்புறப் போட்டு, அதன் முதுகில் எழுதத் தொடங்கினாள். போடில் ஒவ்வொரு பி.எச்.சையும் அதற்கான மேட்டின் உயரத்தையும் சொல்லிக்கொண்டே போனாள். எங்கும் தடுமாறவில்லை, நினைவுபடுத்திக்கொள்ள ஒரு கணமும் நிற்கவில்லை. இருபத்தைந்து வருடம் அதை யாரும் கேட்கவில்லை.

"திருப்பிப் படிங்க."

ரென்ஸ்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து படித்தாள்.

"மூணாவது தப்பு," என்றாள் போடில்.

ரென்ஸ்கா அதை அடித்துவிட்டுச் சரியாக எழுதினாள்.