ஆடை கட்டிய டம்ளர்

அந்த ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஒரு வழக்கம். பால் காய்ந்ததும் ஒரு டம்ளர் எடுத்து வைக்க வேண்டும். சூப்பர்வைசர் அம்மா வந்ததும், காய்ச்சியவரே அதைக் குடித்துக் காட்ட வேண்டும். பதிவேட்டில் இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வார்டுக்குப் பால்.

பால் காய்ச்சுகிறவளுக்குக் கொதிக்கிற அண்டாவைத் தூக்கப் பயமில்லை. பாம்பு வந்தால்கூடத் துடைப்பத்தால் தள்ளிவிடுவாள். பாலாடை என்றால் மட்டும் பாதி உயிர் போய்விடும். அந்த வழவழப்பு உதட்டில் ஒட்டுவதை நினைத்தாலே முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொள்வாள். மூன்று வருஷமாக, சூடு ஆறுமுன் மடமடவென்று குடித்துச் சமாளித்து வந்தாள்.

அன்று சூப்பர்வைசர் அம்மா நாற்பது நிமிஷம் தாமதம். டம்ளரில் ஆடை சுருக்கம் விழுந்து கிடந்தது. வேலை நிரந்தரமாகிறவர்களின் பட்டியலும், அவள் பேரோடு, அன்றைக்குத்தான் அவர் கையால் போக வேண்டும்.

"குடிம்மா."

"வடிகட்டிட்டுக் குடிக்கிறேங்க."

"வார்டுக்குப் போற மாதிரியே குடிக்கணும்."

"வார்டுக்கு வடிகட்டித்தாங்க போகுது. இது உங்களுக்காகக் காத்திருந்த பால்."

காய் நறுக்குகிற அண்ணன் சிரித்தார். "ஏம்மா, ஆடை என்ன கடிச்சா வைக்கும்?"

"கடிச்சா மருந்து போட்டுக்கலாம்ணே. எனக்கு அதக் கண்டா பயம். இத்தனை நாள் மறைச்சேன், இனிமே மறைக்கிறதா இல்ல."

"பச்சப்புள்ள மாதிரி அடம் பிடிச்சா பட்டியல்ல பேர் இருக்காது," என்றார் சூப்பர்வைசர் அம்மா.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே துணியில் வடிகட்டினாள். குடித்தாள். பிறகு பதிவேட்டைத் திறந்து நிதானமாக எழுதினாள்: 'பால் காய்ந்தது ஆறு மணி. மேற்பார்வை ஆறு நாற்பது. இடையில் ஆடை கட்டியதால் வடிகட்டிக் குடித்தேன். ஆடை எனக்குப் பயம். பாலில் குறை இல்லை.'

"அத அடிச்சிடு. பெரிய டாக்டர் பார்ப்பார்."

"பார்க்கட்டுங்க. என் பேரை எடுக்கிறதா இருந்தா, காரணத்தையும் கீழேயே எழுதிடுங்க. ரெண்டையும் சேர்த்துப் படிக்கட்டும்."

சூப்பர்வைசர் அம்மா பேனாவை எடுத்தார். முனை காகிதத்தைத் தொட்டபடி நின்றது. கடைசியில் வெறும் கையெழுத்தைப் போட்டுவிட்டு, ஒரு பேரும் அடிக்காமல் பட்டியலை உறையில் போட்டு ஒட்டினார்.

"வண்டியத் தள்ளு. நேரமாச்சு."

"தள்ளுறேங்க. அந்தக் கதவைக் கொஞ்சம் பிடிங்க," என்றாள் அவள்.

பிடித்தார்.