பைனுக்குச் சொந்தம்

கருமத்தம்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால், அவிநாசி ரோட்டோரம் இருக்கிற நர்சரி ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன். பேர் கெசியா. தாவரவியல் படித்திருக்கிறேன். படித்ததைச் சொல்லிக்காட்டும் பழக்கமும் எனக்கு உண்டு. இந்தக் கதை நடந்ததே அதனால்தான்.

எங்கள் நர்சரியில் 'கிறிஸ்துமஸ் மரம்' என்ற பேரில் நான்கு செடிகள் விற்கும். அடுக்கடுக்காகக் கிளை விரிக்கும் அரோகேரியாவை எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். தூஜாவைக் காட்டினாலும் அதே பேர். மூன்றாவது சவுக்கு. எங்கள் சர்ச்சில் அதன் கிளையை வெட்டி நட்டு நட்சத்திரம் தொங்கவிட்டுக் கிறிஸ்துமஸ் மரம் என்போம். சவுக்கு பைனுக்கு எந்த வகையிலும் உறவில்லை, இலை ஊசிபோல இருப்பதோடு சரி. நான்காவது சைப்ரஸ், அதற்கும் அந்தப் பேர்தான். ஊட்டிக்குப் போய் வந்தவர்கள் மட்டும் அதைப் 'பைன் மரம்' என்று கேட்டு வாங்கிப் போவார்கள். முதலாளி கோவிந்தராஜுலு யாரையும் திருத்த மாட்டார். "அவங்க கேக்கற பேர்லயே குடும்மா" என்பார்.

போன வைகாசியில் சோமனூரிலிருந்து மயில்சாமி வந்தார். பன்னிரண்டு தறி ஓட்டுகிறவர். புது வீட்டு வாசலில் வைக்க ஊட்டியில் பார்த்த மாதிரி பைன் மரம் வேண்டும் என்றார். இந்த வெயிலுக்கு அது நிற்காது என்று சொல்லி, பழைய பங்களா ஒன்றிலிருந்து வேரோடு எடுத்து வந்திருந்த பெரிய சைக்கஸ் செடியைக் காட்டினேன். குட்டைத் தண்டு, உச்சியில் கிரீடம்போல் விறைப்பான ஓலைகள்.

"இது பனையாட்டல்ல இருக்குதுங்க அம்மணி?" என்றார்.

"பாக்கத்தான் பனைங்ணா. சேகோ பாம்னுகூடச் சொல்லுவாங்க. ஆனா நெசத்துல இது பனைக்குச் சொந்தமில்லீங்க, பைனுக்குத்தான் சொந்தம். ரெண்டும் பூக்காமயே விதை வைக்கிற ஜாதிங்க."

அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார். விதை நஞ்சு என்று நான் சொல்லவில்லை. அப்போது அதில் விதை இல்லை, எனக்கும் தோன்றவில்லை.

தை மாதம் ஒரு நாள் காலை, பத்து மணி இருக்கும். போன் அடித்தது.

"ஏனுங்க அம்மணி, சோமனூர் மயில்சாமி பேசறனுங்க. நம்ம பைன் மரத்துக்கு ஏதாச்சும் பூச்சிமருந்து அடிச்சிருந்தீங்களா?"

"என்னாச்சுங்ணா?"

"நம்ம செவலை, அதானுங்க நாயி, காத்தால அந்த மரத்துக் கொட்டையத் தின்னுபோட்டுதுங்க. நாய் டாக்டரம்மாளுக்குப் போன் போட்டேன். என்ன மரம்னாங்க. பைன்னேன். பைன் கொட்டை மனுசரே திங்கறதுதான், பயப்படாதீங்க, வாந்தி எடுத்தாக் கூட்டிட்டு வாங்கன்னாங்க. இப்ப ரண்டு வாட்டி எடுத்துபோட்டுது. மருந்து கிருந்து இருந்துச்சோன்னு ஒரு சந்தேகம், அதான் கேட்டுட்டுப் போலாம்னு…"

எந்தப் பைன் மரம் என்று கேட்க வாயெடுத்தேன். நாங்கள் நிஜப் பைன் விற்றதே இல்லை. அந்த நொடியில் நான் சொன்னது முழுக்க ஞாபகம் வந்தது.

"அண்ணா, கொட்டை செவப்பா, கோலிக்குண்டை விடப் பெருசா இருக்குதுங்களா?"

"ஆமாங்க."

"அது பைன் இல்லீங்ணா. பேரு சைக்கஸ். அந்தக் கொட்டை நாய்க்கு வெசமுங்க, ஈரலையே கெடுத்துப்போடும். இப்பவே தூக்கிட்டுக் கிளம்புங்க. டாக்டர் நம்பரை மட்டும் சொல்லுங்க, நான் பேசிக்கறேன்."

டாக்டர் மானசாவுக்கு சூலூரில் கிளினிக். போனை எடுத்ததும், "மேடம், சோமனூர் நாய் தின்னது பைன் கொட்டை இல்ல, சைக்கஸ் விதை" என்றேன்.

"சைக்கஸா? நிச்சயமாத் தெரியுமா உங்களுக்கு?"

"வித்ததே நான்தான் மேடம். சைக்கஸ் ரெவொல்யூட்டா."

"சரி. வந்ததும் வயித்தைச் சுத்தம் பண்ணிடறேன். அவரை வேகமா வரச் சொல்லுங்க."

கோவிந்தராஜுலு பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்து நீட்டினார். "போம்மா. கடைய நான் பாத்துக்கறேன்."

நான் போய்ச் சேர்ந்தபோது செவலை மேசையில் கிடந்தது. காலில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. வெளி பெஞ்சில் மயில்சாமியும் அவர் மனைவி பாவாத்தாளும் இருந்தார்கள். பாவாத்தாள் அக்காவுக்கு முப்பது வருடத் தறிச்சத்தத்தில் காது போய்விட்டது. வாசலில் ஆள் வந்தாலும், அடுப்பில் குக்கர் கத்தினாலும், செவலைதான் ஓடிவந்து சேலையைப் பிடித்து இழுக்குமாம். மயில்சாமி இதை மெதுவாகச் சொன்னார். எப்படிச் சொன்னாலும் பக்கத்தில் இருந்த அக்காவுக்குக் கேட்டிருக்காது.

என்னால் பொறுக்க முடியவில்லை. "அண்ணா, தப்பு என்னுதுங்க. பைனுக்குச் சொந்தம்னு நான் சொன்னதாலதான் நீங்க பைன்னு சொன்னீங்க. வெசம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணும்."

அவர் என்னையே பார்த்தார். "நீங்க சொந்தம்னுதான் சொன்னீங்க. பேரையே மாத்துனது நானுங்க. பைன் மரம் வெச்சிருக்கறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கோணும்னு ஆசை."

மானசா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "நானும் ஒரு போட்டோ கேட்டிருக்கணும். பேரை மட்டும் வெச்சு முடிவு பண்ணிட்டேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க கூப்பிட்டதுக்கு நன்றிங்க. சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. இப்பவும் மூணு நாள் போனாத்தான் சொல்ல முடியும்."

அந்த மூன்று நாளும் வேலைக்குப் போகும் முன் கிளினிக்கில் எட்டிப்பார்த்தேன். இரண்டாம் நாள் செவலை தலையைக்கூடத் தூக்கவில்லை. பாவாத்தாள் அக்கா அதன் காதைத் தடவிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் கையை எடுத்து நாயின் முதுகில் வைத்தார். அவ்வளவுதான் பேச்சு.

மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது. நான்காம் நாள் காலை அக்கா நீட்டிய தயிர்ச்சோற்றைச் செவலை நக்கித் தின்றது. மயில்சாமி வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். திரும்பி வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது.

நர்சரியில் அந்த வாரமே பலகைகள் எழுதினேன். சைக்கஸ் முன்னால், 'சேகோ பாம் என்பதும் இதுவே. ஜவ்வரிசி இதிலிருந்து வருவதல்ல. விதை நஞ்சு. நாயும் குழந்தையும் இருக்கும் வீடுகள் கவனம்' என்று பெரிய எழுத்தில் வைத்தேன். மற்றவற்றுக்கும் மக்கள் கூப்பிடும் பேர்களை எல்லாம் மேலே எழுதி, உண்மைப் பேரைக் கீழே எழுதினேன். கோவிந்தராஜுலு ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துவிட்டு ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்தார். மயில்சாமி மரத்தை வெட்டவில்லை. கொட்டைகளைப் பறித்துப் புதைத்துவிட்டு, சுற்றிலும் கம்பிவலை கட்டிவிட்டார்.

மாசியில் ஒரு ஞாயிறு என்னை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். போவதா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். என் அப்பா ஞானாபரணம் அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இருபது வருடம் கூலிக்குப் போனவர். எந்த வீட்டிலும் களத்தைத் தாண்டி அவரை உள்ளே கூப்பிட்டதில்லை. கேட்டபோது அப்பா, "கூப்பிட்டா மரியாதையாப் போய்ட்டு வா கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

வாசலில் நின்றேன். செவலை குரைத்துக்கொண்டே உள்ளே ஓடியது. சேலையைப் பல்லில் கவ்வியபடி பாவாத்தாள் அக்காவை இழுத்து வந்தது. "ஏங்கண்ணு வெளியவே நிக்கறே, உள்ள வா!" என்று அவர் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். என் கையைப் பிடித்து, நேராக அடுக்களைக்குப் பக்கத்துச் சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிப்போனார். இலை போட்டு, கொள்ளுப் பருப்பும் தக்காளி ரசமும் வைத்தார். மயில்சாமி எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

வழக்கம்போலக் கண்ணை மூடி ஜெபம் பண்ணினேன். அன்றைக்கு நன்றி சொல்ல நிறைய இருந்ததால் கொஞ்சம் நீண்டுவிட்டது. கண்ணைத் திறந்தபோது மயில்சாமி தன் இலையைத் தொடாமல் இருந்தார். பாவாத்தாள் அக்கா சோற்றுக் கரண்டியைப் பிடித்தபடி, நான் முடிப்பதற்காகக் காத்து நின்றிருந்தார்.