பெட்டகத்துக்குப் போகாத மரியாள்

ஏலத்துக்கு முந்தைய வியாழக்கிழமை, ஜெர்மனியின் லைப்சிக் நகர ஏலக்கூடத்தின் சுவரில் தொங்கிய ஓவியத்தில் மரியாள் கழுதையை விட்டு இறங்கினாள். நானூறு ஆண்டுகளாக அவள் அதன் முதுகில்தான் இருந்தாள். மடியில் குழந்தை, முன்னால் கயிற்றைப் பிடித்தபடி சூசையப்பர், ஏரோது மன்னனின் வாளுக்குத் தப்பி எகிப்துக்குப் போகும் வழி. பெயர் தெரியாத பழைய டச்சு ஓவியர் ஒருவர் பழுப்பு மையில், தாளில் தீட்டியது. பழைய ஓவியங்களுக்குப் பொறுப்பாக இருந்த ஜசிந்தா காலையில் கூடத்தைத் திறந்தபோது, மரியாள் படத்தின் ஓரத்து மரத்தடியில் அமர்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இயக்குநர் ஃபோக்ட் வந்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். விற்பனைப் பட்டியலில் 'எகிப்துக்குத் தப்பிச் செல்லல்' என்றிருந்ததை 'எகிப்து வழியில் இளைப்பாறல்' என்று மாற்றச் சொன்னார். இளைப்பாறல் இன்னும் நல்ல விலைக்குப் போகும் என்றார்.

அன்று மாலை ஒரு பெருஞ்செல்வரின் முகவர் வந்து படத்தைப் பார்த்துப் போனார். அந்தச் செல்வர் வாங்கும் எதுவும் சுவரில் தொங்குவதில்லை. சுவிஸ் எல்லையோரப் பெட்டகம் ஒன்றுக்குள் போய், விலை ஏறும்வரை இருட்டில் கிடக்கும். அவர் வாங்கிய புனிதர்களில் எவரும் இன்றுவரை வெளியே வந்ததில்லை. வெள்ளிக்கிழமை விடிந்தபோது மரியாள் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை ஜசிந்தாவின் தாய் றீற்றா ஹம் நகரிலிருந்து ரயிலேறி வந்தாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். பெட்டகத்தைப் பற்றி மகள் சொன்னதைக் கேட்டுவிட்டு, குளிர்கோட்டைக் கழற்றாமல் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"மாதா போகமாட்டா, பிள்ளை."

"எங்கயம்மா?"

"அந்தப் பெட்டிக்குள்ள. உன்னை மடியில வச்சுக்கொண்டு மூடின லொறிக்குள்ளதான் நான் இந்த நாட்டுக்கு வந்தனான். நீ அழுதா எல்லாரும் பிடிபட்டிருப்பம். உன்ர வாயைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு வந்தனான். இன்னொருக்கா ஏறச் சொன்னா நானும் ஏறன்."

விமானத்தில் வந்ததாகத்தான் ஜசிந்தாவுக்கு இதுவரை சொல்லப்பட்டிருந்தது. அவள் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஏலத்தன்று சூசையப்பரின் ஒரு கால் தாளின் விளிம்புக்கு வெளியே தெரிந்தது. விளிம்பு மறையும்படி அகலமான சட்டம் போட்டு, கண்ணாடியைத் திருகாணியால் இறுக்கச் சொன்னார் ஃபோக்ட். ஜசிந்தா அந்த நாட்டிலேயே பிறந்தவள் போல ஜெர்மன் பேசுபவள். ஆனாலும் அப்போது அவள் வாயில் வந்தது "ஏலாது" என்பதுதான். ஃபோக்ட்டுக்கு அது விளங்கிவிட்டது. வேலை போய்விடும் என்றார். போகட்டும் என்று, இருந்த கண்ணாடியையும் கழற்றிவிட்டுப் படத்தை மேசையில் கொண்டுபோய் வைத்தாள் ஜசிந்தா.

முகவர்தான் கடைசிவரை கையை இறக்காமல் கேட்டார். அவர் பெயருக்குச் சுத்தியல் விழுந்ததும் மரியாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாளை விட்டு மேசைக்கும், மேசையிலிருந்து தரைக்கும் இறங்கினாள். தரையைத் தொட்டபோது சாதாரணப் பெண்ணின் உயரம் இருந்தாள். சூசையப்பர் பின்னால் வந்தார். கழுதை குதிக்கப் பயந்து நின்றது. ஜசிந்தா கயிற்றை வாங்கி இழுத்தாள். கூடத்தில் இருந்தவர்கள் நாற்காலிகளை நகர்த்தி வழிவிட்டார்கள். ஃபோக்ட் அடுத்த பொருளின் பெயரை வாசித்தார். ஜசிந்தா அவர்களோடேயே வெளியேறினாள். ரயிலில் பரிசோதகர் கழுதைக்குப் பெரிய நாய்க்கான டிக்கெட்டைக் கொடுத்தார்.

ஹம்மில் றீற்றாவின் வீட்டுக்கு மேல்மாடி காலியாக இருந்தது, அங்கே குடியேறினார்கள். வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திப்புக்கு ஒரு நாள், கிடைக்க மாரிகாலம் முழுவதும் ஆயிற்று. அங்கே ஜசிந்தா மொழிபெயர்த்தாள். எந்த மொழியிலிருந்து என்று யாரும் கேட்கவில்லை. சூசையப்பருக்குக் கதவு, ஜன்னல் செய்யும் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. அயலவர்கள் கழுதையைப் பற்றி மட்டும் முறைப்பாடு எழுதினார்கள்.

வசந்தத்தில் செல்வரின் வழக்கறிஞர் வந்து கதவைத் தட்டினார். வாங்கியது ஒரு குடும்பத்தை, வந்து சேர்ந்தது வெறுந்தாள் என்றார். தாளைத்தான் விற்றார்கள், அது உங்களிடம்தானே இருக்கிறது என்றாள் ஜசிந்தா. அவர் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். மரியாள் படியிறங்கி வந்து, அவர் முகத்தை நேராகப் பார்த்தபடியே கதவைச் சாத்தினாள். பிறகு அவர் வரவில்லை.

ஹம்மில் மழை அதிகம். மழையில் மரியாளின் மை கொஞ்சம் கரையும், இடது தோள் இப்போதே வெளிறிவிட்டது. றீற்றா வாசலில் குடையை நீட்டுவாள். மரியாள் அதை வாங்குவதில்லை. இப்போது மூன்று வயதாகிவிட்ட மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, தெருவின் நடுவே, நனைந்தபடியே அவனைப் பாலர் பள்ளிக்குக் கூட்டிப்போவாள்.