நூற்றில் ஒன்று

அன்பரசுவின் கொழுந்தியாள் வெண்மதியின் பிரவுசிங் சென்டரில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். நூற்றில் ஒருவர்தான் அதை வைத்திருப்பதாக எங்கோ படித்த அவர், அங்கே போகிறபோதெல்லாம் கேலி செய்வார்.

சிதம்பரம் மேலவீதியில் பிரிண்டர் இருந்தது அன்பரசுவின் கம்ப்யூட்டர் கடையில் மட்டும்தான். பிளஸ் டூ ரிசல்ட் அன்று மதிப்பெண்கள் இருந்த ஒரே பென் டிரைவ் கடைக்குக் கடை சுற்றியது. கூடவே வைரஸும். விண்டோஸ் வைத்திருந்த அத்தனை கடைகளும் படுத்துவிட்டன. அன்பரசு பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வெண்மதியிடம் ஓடினார். அதே பென் டிரைவை அவள் செருகினாள். மதிப்பெண் தாள்கள் மளமளவென்று வந்தன.

அசந்துபோனார் அன்பரசு. "நாளைக்கே எல்லாக் கடையிலயும் இதப் போடச் சொல்றேன், வெண்மதி!"

"ஐயோ, வேணாம் மாமா! கூட்டம் ஜாஸ்தியானா வைரஸ் எழுதறவனும் இங்க வந்துடுவான். நாங்க நூத்துல ஒண்ணாவே இருந்துட்டுப் போறோம்."